ஒன்றரை மணி நேரமும் மூன்று பியானோக்களும்: எந்த நிகழ்ச்சியைத் திரையிடுவது?

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் பியானோவும் கீபோர்டும் பயிலும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஏதாவது ஒரு வீட்டில் கூடுகிறார்கள்; பெற்றோரும் உடன் வருவார்கள். சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, பழைய இசை நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். முடிந்ததும் யாராவது இருவர் வாசிப்பார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். அடுத்த கூட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஒருவரே முன்னின்று நடத்திய நிகழ்ச்சியைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதில் எதைக் காட்டுவது என்பதில்தான் மூன்று வாரமாக யோசனை.

தேடியபோது 1950-களின் அமெரிக்கத் தொலைக்காட்சியிலிருந்து மூன்று பெயர்கள் முன்னால் வந்து நின்றன. ஹேசல் ஸ்காட், லிபராச்சி, நாட் கிங் கோல். மூவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். கோல் 1919 மார்ச்சில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் பிறந்தவர். லிபராச்சி அதே ஆண்டு மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். ஸ்காட் 1920 ஜூனில் டிரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில். மூவருமே பள்ளி வயதிலேயே பிறர் அழைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிள்ளைகள். தொலைக்காட்சிக்கு வந்தபோது மூவருக்கும் முதலில் கிடைத்தது 15 நிமிடம்தான். அந்நாளில் மாலைச் செய்தியே கால் மணி நேரம். அரை மணியின் மீதிப் பாதியை ஒரு பாடகரையோ பியானோ கலைஞரையோ கொண்டு நிரப்புவது நிலையங்களின் வழக்கம். இத்தனை பொருத்தம் இருந்தும் மூன்று நிகழ்ச்சிகளும் மூன்று திசையில் போயின. ஒன்று நாடு முழுவதும் விற்றது. ஒன்று விளம்பரதாரர் கிடைக்காமல் ஓராண்டு சொச்சத்தில் நின்றது. மற்றொன்றில் ஒரு அத்தியாயம்கூட மிஞ்சியதாகத் தெரியவில்லை.

தேர்வுக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் எளியது. பிள்ளைகளுக்குக் கைகள் தெரிய வேண்டும். விரல் எந்தக் கட்டையில் விழுகிறது, இடக்கை என்ன செய்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும். அதோடு, அந்த ஆள் அந்த நாற்காலியில் அமர என்ன விலை கொடுத்தார் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன். இசைப் பயிற்சி என்றால் தேர்வு, மதிப்பெண், சான்றிதழ் என்றே வளரும் பிள்ளைகள் இவர்கள்.

எளிதில் கிடைப்பது லிபராச்சி. அதற்குக் காரணம் இருக்கிறது. 1950-களின் முற்பகுதியில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரடியாக ஒளிபரப்பாகிக் காற்றோடு போயின. காந்த ஒளிநாடாவில் பதியும் இயந்திரம் 1956-இல்தான் நிலையங்களுக்கு வந்தது. அதற்கு முன் ஒரு நேரடி நிகழ்ச்சியைச் சேமிக்க வேண்டுமானால், தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஒரு திரைப்படக் கேமராவை நிறுத்தி அந்தத் திரையையே படம் பிடிப்பார்கள். கினெஸ்கோப் என்று பெயர். படம் மங்கலாகவும் ஓரங்கள் வளைந்தும் இருக்கும். லிபராச்சியின் நிகழ்ச்சி 1952-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நிலையம் ஒன்றில் தொடங்கி, அந்தக் கோடையில், நாடு முழுதும் நிலையங்களை இணைத்து ஒளிபரப்பிய என்பிசி வலையமைப்பிலும் சில வாரம் வந்தது. 1953-இலிருந்து கில்ட் ஃபிலிம்ஸ் என்ற நிறுவனம் அதை நேராகப் படச்சுருளில் எடுத்து, ஊர் ஊராக நிலையங்களுக்கு விற்றது. ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர் விளம்பரதாரர் பணம் கட்டினார். விற்பதற்காக எடுத்த படம் ஆகையால் நல்ல வெளிச்சத்தில், நல்ல கோணத்தில் எடுத்திருக்கிறார்கள். எழுபது ஆண்டு கடந்தும் விரல் நகம் வரை தெளிவாகத் தெரிகிறது.

கைகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இதற்கு மிஞ்சியது இல்லை. கேமரா கட்டைகளுக்கு மேலே போகிறது, பக்கவாட்டில் வருகிறது, கைகளுக்கு வெகு அருகில் நிற்கிறது. கிராண்ட் பியானோவின் மேல் பல கிளைகள் கொண்ட மெழுகுவர்த்தித் தாங்கி எரிந்துகொண்டிருக்கும். இசையமைப்பாளர் ஷோபேனைப் பற்றிய 1945-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அவர் சேர்த்துக்கொண்ட அலங்காரம் அது. அண்ணன் ஜார்ஜ் வயலினும் கையுமாக ஓரத்தில் வாத்தியக் குழுவை நடத்துவார். பிற்காலத்தில் லிபராச்சி அணிந்த இறகும் கல்லும் பதித்த அங்கிகளை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். இங்கே அவர் மேல்கோட்டு அணிந்த, தலை படிய வாரிய இளைஞர்.

அவர் செய்த புதுமை பார்வையில் இருக்கிறது. அக்காலக் கலைஞர்கள் பலர் தொலைக்காட்சியிலும் அரங்கத்துக்கு வாசிப்பது போலவே வாசித்தார்கள். லிபராச்சி கேமராவின் கண்ணாடியை நேராகப் பார்த்தார். பாடலுக்குப் பாடல் பார்ப்பவரிடம் பேசினார், புன்னகைத்தார், கண் சிமிட்டினார். கூடத்தில் தனியாக அமர்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு, தன்னைப் பார்க்கவே ஒருவர் வீட்டுக்கு வந்தது போலத் தோன்றியிருக்கும். 1954-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கை அவர் நிரப்பினார் என்றால், அந்தக் கூட்டத்தை முதலில் வீட்டுக் கூடங்களிலிருந்துதான் அவர் திரட்டினார். மேடைக் கூச்சத்தால் தலை நிமிராமலே வாசித்து முடித்து ஓடிவிடும் பிள்ளைகள் எங்கள் கூட்டத்தில் மூவர் உண்டு. அவர்களுக்காகவாவது இதைக் காட்ட வேண்டும்.

ஆனால் எனக்கு உறுத்துவது ஒன்று இருக்கிறது. அவர் பெரிய படைப்புகளை வெட்டினார். இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் பியானோ கன்சர்ட்டோ (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஒன்றின் நீண்ட முதல் பகுதியை நான்கைந்து நிமிடமாகச் சுருக்கி, மெட்டை மட்டும் முன்னே நிறுத்திவிடுவார். எல்லா மெட்டும் இனிக்கிறது. எந்த மெட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரிவதில்லை. ஒரு ராகத்தின் ஆலாபனையை விட்டுவிட்டுச் சிட்டையை மட்டும் கேட்பது போன்றது. இத்தனைக்கும் 1940-இல், இருபது வயதில், சிகாகோ சிம்பனி வாத்தியக் குழுவுடன் லிஸ்ட்டின் கன்சர்ட்டோவை முழுதாக வாசித்தவர் அவர். முழுதாக வாசிக்கத் தெரிந்தவர் சுருக்குகிறார் என்பது பெரியவர்களுக்குப் புரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதுதான் சைக்கோவ்ஸ்கி என்று பதிந்துவிட்டால், பின்னால் முழுப் படைப்பைக் கேட்கும்போது அது நீட்டி முழக்குவதாகத் தோன்றும். அந்தக் கவலையால்தான் லிபராச்சியை முதலில் காட்டத் தயங்குகிறேன்.

அடுத்து நாட் கிங் கோல். பெயரைச் சொன்னதும் பெற்றோர்களில் இருவர் அந்தக் கரகரப்புக் கலந்த பட்டுக்குரலை நினைவுகூர்ந்தார்கள். அவர் பியானோ வாசிப்பாரா என்று கேட்டார் ஒருவர். இந்தக் கேள்வியே அவரைக் காட்டுவதற்குப் போதுமான காரணம் என்று எனக்குப் பட்டது. சிகாகோவில் ஜாஸ் பியானோ கலைஞர் எர்ல் ஹைன்ஸின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர் கோல். 1937-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பியானோ, கிட்டார், பேஸ் என்று மூன்றே வாத்தியங்களோடு, தாள வாத்தியமே இல்லாமல் ஒரு குழு அமைத்தார். தாளத்தைப் பியானோவின் இடக்கையும் கிட்டாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் தவறினால் மறைக்க யாரும் இல்லை. அந்த அமைப்பைப் பிறகு ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன் உட்படப் பலர் எடுத்துக்கொண்டார்கள். குரல் புகழ் பெற்றதும் உலகம் கைகளை மறந்துவிட்டது.

அவருடைய நிகழ்ச்சி 1956 நவம்பர் 5 அன்று என்பிசியில் தொடங்கியது. அதற்கு ஏழு மாதம் முன்னால், ஏப்ரல் 10 அன்று, தன் சொந்த மாநிலமான அலபாமாவின் பர்மிங்காம் நகரில் மேடையில் இருந்தபோது, வெள்ளை இனவெறியர்கள் ஏறி வந்து அவரைத் தாக்கிக் கீழே தள்ளினார்கள். அந்த அரங்கில் இருந்தவர்கள் வெள்ளையர் மட்டுமே. கறுப்பின மக்களுக்குத் தனிக் காட்சி. அப்படித் தாக்கப்பட்டவர் அதே ஆண்டு நாடு முழுதும் பார்க்கும் தொலைக்காட்சியில், தன் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சியில், அமைதியாக வந்து வணக்கம் சொல்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் புன்னகையின் எடை வேறாகிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது. முதல் முறை பார்த்ததும் இரண்டாம் முறை பார்த்ததும் ஒரே காட்சியாக இல்லை.

நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. தென் மாநிலங்களில் தங்கள் பொருளைப் புறக்கணிப்பார்கள் என்று நிறுவனங்கள் அஞ்சின. சில ஊர்களில் மட்டும் சிறிய அளவில் உள்ளூர் விளம்பரங்கள் கிடைத்தன. என்பிசி நட்டத்தைத் தாங்கிக்கொண்டு நடத்தியது. 1957 ஜூலையில் அரை மணி நேரமாகவும் ஆக்கியது. செலவு கட்டுப்படி ஆகாத நிலையில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹாரி பெலஃபான்டே, பெக்கி லீ போன்ற பெரிய கலைஞர்கள் சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கு வந்து பாடினார்கள். கறுப்பரும் வெள்ளையருமாக அவர்கள் ஒரே மேடையில் நின்ற அந்தக் காட்சிகளே இன்று அந்நிகழ்ச்சியின் சொத்து. பிறகு அவரை வேறொரு நேரத்துக்கு மாற்ற நிலையம் முன்வந்தபோது கோல் ஏற்கவில்லை. 1957 டிசம்பர் 17 அன்று கடைசி ஒளிபரப்பு. நியூயார்க்கின் விளம்பர உலகம் இருட்டைக் கண்டு பயப்படுகிறது என்று அவர் சொன்னது இன்றும் மேற்கோளாக வழங்குகிறது.

பியானோவைப் பொறுத்தவரை இதில் ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. பல அத்தியாயங்களில் அவர் நின்றுகொண்டே பாடுகிறார், நெல்சன் ரிடிலின் வாத்தியக் குழு பின்னால் வாசிக்கிறது. பியானோ ஓரமாக இருக்கும். அல்லது இருக்கவே இருக்காது. எதையாவது எடுத்துப் போட்டால் பிள்ளைகள் ஒரு பாடகரைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் பியானோவில் அமரும் அத்தியாயங்களைத் தேடி எடுக்க வேண்டும். அமர்ந்துவிட்டால் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முகத்தைக் கேட்பவர் பக்கம் வைத்துக்கொண்டு, கட்டைகளைப் பார்க்காமலே வாசித்தபடி பாடுகிறார். இரண்டு வரிகளுக்கு நடுவே வலக்கை ஒரு சிறு பதில் சொல்கிறது. அந்தப் பதில் குரலை ஒருபோதும் மிதிப்பதில்லை. கூடவே பாடி வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

குறிப்பாக 1957 அக்டோபரில் வந்த ஓர் அத்தியாயம். ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மோனிக் கச்சேரிகளின் கலைஞர்கள் வந்திருந்தார்கள்: கோல்மன் ஹாக்கின்ஸ், ராய் எல்ட்ரிட்ஜ், ஸ்டான் கெட்ஸ், ஆஸ்கர் பீட்டர்சன். அந்தக் கச்சேரித் தொடரின் முதல் மேடையில், 1944-இல், பியானோ வாசித்தவரே கோல்தான். பதின்மூன்று ஆண்டு கழித்துத் தன் சொந்த நிகழ்ச்சியில், தன் வழியில் வந்த இளையவரான பீட்டர்சனைப் பியானோவில் அமர்த்திவிட்டுப் பக்கத்தில் நின்று பாடுகிறார். பாடும்போது அவர் பார்வை அவ்வப்போது பீட்டர்சனின் கைகளுக்குப் போகிறது. அந்தப் பார்வையைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். படம் கினெஸ்கோப்தான், கொஞ்சம் மங்கல். பரவாயில்லை.

மூன்றாமவர் ஹேசல் ஸ்காட். உள்ளபடியே எனக்கு மிகவும் பிடித்தவர் இவர். காட்ட முடியாதவரும் இவர்தான். நான்கு வயதில் இசைக்கலைஞரான தாயுடன் நியூயார்க் வந்தவர். எட்டு வயதில் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் ரக்மானினாஃபின் படைப்பை வாசித்துக் காட்டியவர். பாக், லிஸ்ட் போன்ற இசையமைப்பாளர்களின் படைப்புகளை அவர்கள் எழுதியபடி தொடங்கி, மெல்ல மெல்ல இடக்கையில் ஜாஸ் தாளத்தை நுழைத்து அரங்கைத் துள்ள வைப்பது அவர் வழக்கம். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து கேட்ட கஃபே சொசைட்டி என்ற விடுதியில்தான் அவர் நட்சத்திரம் ஆனார். 1943-இல் வந்த ஒரு திரைப்படத்தில், கறுப்புப் பியானோ ஒன்றும் வெள்ளைப் பியானோ ஒன்றும் இரு பக்கமும் இருக்க, நடுவில் அமர்ந்து இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிப்பார். படங்களில் வேலைக்காரி வேடம் ஏற்கமாட்டேன் என்பது அவர் நிபந்தனை. அரங்கில் நிறம் பார்த்து இருக்கை பிரித்தால் வாசிப்பதில்லை என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார். 1948-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் அப்படிப் பிரித்திருப்பதைக் கண்டு வாசிக்காமலே திரும்பினார்.

1950 ஜூலையில் டூமான்ட் வலையமைப்பில் அவர் நிகழ்ச்சி தொடங்கியது. வாரம் மூன்று மாலை, கால் மணி நேரம். நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் தெரியும் மாடி வீட்டு அறை போன்ற அரங்கம். நடுவில் பியானோவும் அவரும். அமெரிக்க வலையமைப்பு ஒன்றில் கறுப்பினப் பெண் ஒருவர் தன் பெயரில் நடத்திய முதல் நிகழ்ச்சி அது. தொடங்குவதற்குச் சில நாள் முன்னால்தான், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணிபுரிந்த 151 பேரைக் கம்யூனிஸ்ட் தொடர்புடையவர்கள் என்று பட்டியலிட்ட ஒரு சிறு வெளியீடு வந்திருந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது. யாரும் அழைக்காமலே, தானாகக் கேட்டுக்கொண்டு, செப்டம்பர் 22 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் போய், தான் கம்யூனிஸ்ட் அல்ல என்றும், இப்படிப் பட்டியல் போட்டுக் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுப்பது தவறு என்றும் சொன்னார். ஒரு வாரத்தில் நிகழ்ச்சி நின்றது. மூன்று மாதம்கூட ஓடவில்லை. டூமான்ட் வலையமைப்பும் 1956-இல் மூடப்பட்டது. அதன் பதிவுகளில் பெரும்பகுதி அழிந்துபோயின.

அவர் பேசாமல் இருந்திருந்தால் நிகழ்ச்சி இன்னும் சில மாதம் ஓடியிருக்குமோ என்று நான் யோசித்தது உண்டு. ஓடியிருந்தால் ஏதாவது ஒரு சுருள் தப்பியிருக்குமோ என்ற ஆசைதான் காரணம். யோசிக்கும்போதே தவறு என்றும் தோன்றும். ஆஸ்டினில் அத்தனை பேரைக் காத்திருக்க வைத்துவிட்டுத் திரும்பியவர், தன் பெயரை எழுதிவைத்தவர்களிடம் மட்டும் மௌனமாக இருந்திருக்க மாட்டார்.

அவர் நிகழ்ச்சி இல்லை என்றாலும் அவர் கைகள் இருக்கின்றன. அந்த இரட்டைப் பியானோக் காட்சி கிடைக்கிறது. 1955-இல் பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ், டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் இருவருடனும் அவர் பதிந்த இசைத்தட்டும் கிடைக்கிறது. அந்தத் தட்டு வேகமானது அன்று. அவசரமே இல்லாத, நெருக்கமான வாசிப்பு. கால் மணி நேரத் தொலைக்காட்சியில் இரவு ஏழே முக்கால் மணிக்கு அவர் எப்படி ஒலித்திருப்பார் என்று ஊகிக்க அதுவே என்னிடம் இருக்கும் ஒரே வழி.

நான்காவதாக ஒரு பெயரையும் நண்பர் ஒருவர் சொன்னார்: கோர்லா பண்டிட். 1949 முதல் லாஸ் ஏஞ்சல்ஸின் கேடிஎல்ஏ நிலையத்தில் வந்தவர். தலைப்பாகையில் ஒரு பெரிய கல், ஒரு சொல்லும் பேசாத வாய், கேமராவை விட்டு அகலாத கண்கள். ஆர்கனையும் பியானோவையும் சேர்த்து வாசிப்பார். டெல்லியில் பிறந்த பிராமணர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அவர் உண்மையில் ஜான் ரோலண்ட் ரெட், மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பின அமெரிக்கர். 1998-இல் இறந்து, அதன் பிறகே இது வெளியே வந்தது. ஸ்காட் அனுபவித்ததையும் கோல் அனுபவித்ததையும் படித்துவிட்டு இதைப் படித்தால், அந்தத் தலைப்பாகையை ஏன் கழற்றவே இல்லை என்று கேட்கத் தோன்றாது. ஆனால் அவர் முக்கியமாக ஆர்கன் கலைஞர். நான் வாக்குக் கொடுத்தது பியானோவுக்கு. இந்தியர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று ஒரு நாடு கற்பனை செய்ததைப் பிள்ளைகளுக்கு விளக்க அந்த மாலை முழுதும் போய்விடும். அவருக்குத் தனியாக ஒரு ஞாயிறு வேண்டும்.

ஆக, முடிவுக்கு வருகிறேன். வீட்டில் தனியாக, சிறு பிள்ளையோடு பார்க்க ஒரே ஒன்றைக் கேட்பவர்களுக்கு லிபராச்சியைச் சொல்வேன். கூடவே, அதே படைப்பின் முழு வடிவத்தை அதே வாரத்தில் கேட்க வையுங்கள் என்றும் சொல்வேன். பாட்டும் வாசிப்பும் சேர்ந்து பயிலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும், அந்தக் காலத்தை அறிய விரும்பும் பெரியவர்களுக்கும் கோல்தான். ஸ்காட்டை யாரும் விட்டுவிடக் கூடாது. ஆனால் கிடைப்பது அவர் நிகழ்ச்சி அன்று, அதன் எதிரொலி மட்டும் என்பதைச் சொல்லிவிட்டுக் காட்ட வேண்டும்.

எங்கள் கூட்டத்துக்கு நான் எழுதிவைத்திருக்கும் வரிசை இது. முதலில் கோலின் 1957 அக்டோபர் அத்தியாயம், முழுதாக. அதற்கு முன் பர்மிங்காமைப் பற்றி ஐந்து நிமிடம் நானே பேசுவேன். அடுத்து லிபராச்சியிலிருந்து பத்து நிமிடம், ஒலியை நிறுத்திவிட்டு. கைகளையும் கண்களையும் மட்டும் பார்க்க. பிறகு அதே பத்து நிமிடம் ஒலியோடு. பிறகு ஸ்காட்டின் இரட்டைப் பியானோ. அது முடிந்ததும் திரையை அணைத்து, விளக்கைக் குறைத்து, 1955-ஆம் ஆண்டு இசைத்தட்டிலிருந்து ஒரு பாட்டு. படம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்ட பிறகு 1950 செப்டம்பரில் நடந்ததைச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.